டோர்கில் எடுத்துக் கொடுத்த வரி

என் சித்தப்பா மகன் டோர்கில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறான். காலை ஏழு இருபதுக்கு எங்கள் தீவின் மேற்குக் கரையில் கிளம்பி, பதினோரு ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, எட்டே முக்காலுக்கு ஸ்டோர்னவே பட்டணத்தில் இறக்கிவிடுவான். வழியில் செம்மறி ஆடு படுத்திருந்தால் ஹாரன் அடிக்க மாட்டான். ஜன்னல் கண்ணாடியை இறக்கி, ஆட்டின் சொந்தக்காரர் பெயரைச் சொல்லித் திட்டுவான். ஆடு எழுந்து போய்விடும். திட்டு வாங்க வேண்டிய சொந்தக்காரர் பக்கத்தில் நின்றால் மட்டும் கண்ணாடி இறங்காது.

அவன் அப்படித்தான். பத்தொன்பது வயதில் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான், ஆறு வருஷத்தில் திரும்பி வந்தான், எஃபியைக் கட்டிக்கொண்டான், இரண்டு பெண்களைப் பெற்று கிளாஸ்கோவுக்குப் படிக்க அனுப்பினான். இப்போது ஐம்பத்தொரு வயது. எஃபி போடும் தேநீர் தார் மாதிரி இருக்கும். அதைச் சொல்லப் பயந்து இருபத்தாறு வருஷமாகக் குடித்துக்கொண்டிருக்கிறான்.

அவன் பயப்படாத இடம் ஒன்றே ஒன்று உண்டு. எங்கள் சபையில் வாத்தியம் கிடையாது, பாடகர் குழு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடைக்குக் கீழே, இடுப்புயரப் பலகைத் தடுப்புக்குள் ஓர் ஆள் எழுந்து பைபிளின் சங்கீதப் பாடல் ஒன்றில் ஒரு வரியை, எங்கள் தீவின் பழைய மொழியான கேலிக்கில், பாடுவார். பாடி நிறுத்துவார். சபை முழுவதும் அந்த வரியை வாங்கி, அவரவர் வேகத்தில், அவரவர் வளைவு நெளிவுகளோடு பாடும். அது அடங்கும்போது அவர் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார். பதினான்கு வருஷமாக அந்த ஆள் டோர்கில்தான். தடுப்புக்குள் கண்ணை மூடி நிற்கும்போதுதான் என் தம்பி முழு ஆளாக இருப்பான். அந்த இடம் போனால் அவனிடம் பேருந்துச் சாவி மட்டும்தான் மிஞ்சும்.

அதைப் பறிக்கக்கூடியவர் சபையை நடத்தும் மூப்பர் ஃபின்லே. எழுபத்து நான்கு வயது, சாலை போடும் வேலையில் ஓய்வு பெற்றவர். புருவத்தை வைத்தே ஒரு கூட்டத்தை நடத்தி முடித்துவிடுவார். அவர் குரலுக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. சபை ஒரு வரியைப் பாடி முடித்த பிறகும் அவர் முடிக்க மாட்டார். கடைசி எழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவார். அவர் முடிக்கட்டும் என்று டோர்கில் காத்திருப்பான். எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்கு அம்மா குரலுக்கு அடுத்து அந்தக் குரல்தான் தெரியும்.

டோர்கிலுக்கு முன்னால் வரி எடுத்துக் கொடுத்தவர் ஒரு கல்யாணக் கூடாரத்தில் அக்கார்டியன் வாசித்தார். வரி எடுத்துக் கொடுக்கிற ஆள் உலகப் பாட்டுப் பக்கம் போகக் கூடாது என்பது சபை வழக்கம். யாரும் சண்டை போடவில்லை, சட்டம் பேசவில்லை. "இந்த வாரம் தொண்டைக்கு ஓய்வு குடுங்க" என்றார் ஃபின்லே. அந்த வாரம் இன்னும் முடியவில்லை.

நானும் அக்கார்டியன் வாசிப்பவள்தான். தபால் நிலையத்தில் வேலை முடிந்ததும் அதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. என்னை யாரும் எதுவும் சொன்னதில்லை. பெண்களை அந்தத் தடுப்புக்குள் நிற்க வைக்கவே மாட்டார்கள், ஆகவே இந்த டோலினா கெட்டுப்போனால் யாருக்கு என்ன? இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

ஜூலை மாதம் ஸ்டோர்னவே கோட்டைக்கு முன்னால் இருக்கும் புல்வெளியில் இசைத் திருவிழா. வியாழன், வெள்ளி, சனி. நுழைவாயிலில் எல்லாருக்கும் கையில் துணிப்பட்டை கட்டி, உலோகப் பொத்தானை இறுக்கி அழுத்திவிடுவார்கள். கத்தரிக்கோல் போட்டால்தான் கழலும். ஒருநாள் வருகிறவர்களுக்குப் பச்சை, மூன்று நாளும் வருகிறவர்களுக்கு நீலம், வாசிப்பவர்களுக்கு ஆரஞ்சு. சனிக்கிழமை நான்கு மணிக்குப் பெரிய கூடாரத்தில் எங்கள் குழுவின் முறை. நான், பேக்பைப் ஊதும் முர்டோ, பிடில் வாசிக்கும் அவன் மனைவி, அப்புறம் கிளாஸ்கோவிலிருந்து வரும் ஒரு பாடகி. முர்டோ வாரம் முழுவதும் மீன் பண்ணையில் சால்மனுக்குத் தீனி போடுகிறவன். அவனுக்கு வருஷத்தில் இந்த நாற்பது நிமிடம்தான் திருநாள்.

வெள்ளிக்கிழமை தென்மேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. தீவுக்கு வரும் கப்பல் ஓடவில்லை. சனிக்கிழமை காலையும் ஓடவில்லை. பாடகி அக்கரையில் உல்லாபூல் துறைமுகத்தில் பொரித்த மீனைத் தின்றுகொண்டு, எனக்குப் போன் போட்டு அழுதாள்.

நான் நேராக டோர்கில் வீட்டுக்குப் போனேன். அவன் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"முடியாதுக்கா."

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையேடா."

"கப்பல் ஓடல, நீ வந்திருக்க. இதுக்கு மேல நீ வேற கேக்கணுமாக்கும்?"

"மூணே பாட்டு. கப்பல்ல இருந்தப்ப பாடுவியே, அந்தத் துடுப்புப் பாட்டு. அதுல ஆரம்பிச்சா போதும்."

"ஃபின்லே காதுக்குப் போச்சுன்னா?"

"அவருக்கு முதுகு வலி. தங்கச்சி வீட்டுல படுத்துக் கெடக்காராம். புதன்கிழமையே சொல்லிட்டுப் போனாரே."

எஃபி வாசலுக்கு வந்தாள். "போய்ப் பாடுய்யா. மாட்டுத் தொழுவத்துல மாட்டுக்குப் பாடற, பேருந்துல டயருக்குப் பாடற. மனுஷங்களுக்குப் பாடுனா தொண்டை தேஞ்சா போயிடும்?"

அவன் துணியைப் பிழிந்தான். மறுபடி பிழிந்தான். ஆசை அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது, எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில் நிபந்தனைகள் போட்டான். பெயரை அறிவிக்கக் கூடாது. தொப்பி போட்டுக்கொள்வான். முர்டோவுக்குப் பின்னால் நிற்பான். முர்டோவின் முதுகு அகலம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதுச் செருப்பு வாங்கினால் வீடு வந்து சேர்வதற்குள் என்ன விலை என்று நான்கு பேர் கேட்டுவிடுகிற தீவில், தொப்பி போட்டு ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தான் பாருங்கள்.

எங்களுக்கு முன்னால் கனடாவிலிருந்து வந்த ஒரு குழு மேடை அதிர ஆடிவிட்டுப் போனது. கூடாரத்தில் ஆயிரம் பேருக்குக் குறையாது. பாதிப் பேர் வெளியூர், கையில் பீர்க் குவளை. மீதிப் பேர் எங்கள் ஊர்களிலிருந்து மழைச்சட்டையோடு வந்தவர்கள். டோர்கில் ஞாயிற்றுக்கிழமைக் காலணியைப் போட்டு வந்திருந்தான். கையில் ஆரஞ்சுப் பட்டை. ஒலிபெருக்கிக்காரன் அவனைத் தோளைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டான், முர்டோவின் முதுகு வீணாகப் போயிற்று.

திட்டம் இதுதான். அவன் முதல் வரியைத் தனியாகப் பாட வேண்டும், இரண்டாவது வரியில் நாங்கள் சேர வேண்டும். நிறுத்தாமல் போக வேண்டும்.

டோர்கில் கூட்டத்தைப் பார்த்தான். முகம் வெளுத்தது. கண்ணை மூடிக்கொண்டான். அங்கேதான் எல்லாம் புரண்டது. கண்ணை மூடியதும் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது.

"கரைக்கு வா, கறுப்புப் படகே" என்பது முதல் வரி. துடுப்புப் போடும் வேகத்தில் பாட வேண்டியதை, சபையில் எடுத்துக் கொடுக்கிற மாதிரி நிதானமாக இழுத்து, கடைசி எழுத்தை உயர்த்தி, நிறுத்திவிட்டான். நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். பதினான்கு வருஷப் பழக்கம்! யாராவது திருப்பிப் பாடினால்தானே அவனுக்கு அடுத்த வரி வரும்?

அக்கார்டியன் என் மடியில் திறந்தபடி இருந்தது. எந்தக் கட்டையை அழுத்துவது என்றே தெரியவில்லை. முர்டோவின் மனைவி வில்லைத் தூக்கியபடி என்னைப் பார்த்தாள். செத்தோம் என்று நினைத்தேன்.

அப்போது கூடாரம் பாடியது.

எங்கள் ஊர்க்காரர்களும் அதே பழக்கத்தில் வளர்ந்தவர்கள்தானே. வரியை எடுத்துக் கொடுத்தால் வாங்கிப் பாடத்தான் அவர்களுக்குத் தெரியும். முன்வரிசைக் கிழவிகள் தொடங்கினார்கள், பின்னாலிருந்த மீன்பிடிப் பையன்கள் சேர்ந்துகொண்டார்கள், உருளைக்கிழங்கு வறுவல் விற்கிறவள் கரண்டியோடு வந்து நின்று பாடினாள். கறுப்புப் படகு ஐந்நூறு தொண்டைகளில் ஏறிக் கரைக்கு வந்தது. வெளியூர்க்காரர்கள் குவளையைக் கீழே வைத்துவிட்டார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கக் கை ஒழியவில்லை.

வரி முடிந்தது. எல்லாரும் அடங்கினார்கள். ஒருவர் மட்டும் அடங்கவில்லை.

இடதுபுறக் கம்பத்துப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. கடைசி எழுத்தைப் பிடித்து இழுத்து, வளைத்து, அவசரமே இல்லாமல் கொண்டுபோய் முடித்தது. எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். டோர்கில் கண்ணைத் திறந்தான். மஞ்சள் மழைச்சட்டை, தலையில் முக்காடு, கையில் வறுவல் தட்டு. முக்காட்டுக்குக் கீழே புருவம்.

நான்காவது வரியில் மஞ்சள் சட்டை காணாமல் போய்விட்டது. டோர்கில் பாட்டை முடித்தான், அடுத்த இரண்டையும் பாடினான், நாங்களும் வாசித்தோம். கூட்டம் கைதட்டித் தீர்த்தது. அவன் காதில் எதுவும் விழவில்லை.

"பரிசோதிக்க வந்திருக்கார்க்கா" என்றான் கூடாரத்துக்குப் பின்னால். "முதுகு வலியோட எழுந்து வந்திருக்கார்னா, யாரோ அவருக்குப் போன் போட்டிருக்காங்க."

"அவரும் பாடினாரேடா!"

"நீயும்தான் பாடுவ. நான் எடுத்துக் குடுத்தா யாருக்கும் வாய் தானா தெறந்துக்கும். பழக்கம்க்கா அது. சம்மதம்னு அர்த்தமில்ல. முடிச்சதும் போயிட்டாரு பாத்தியா? நாளைக்கு ஓய்வு குடுன்னு சொல்லிடுவாரு."

நான்தானே இழுத்துக்கொண்டு வந்தேன். பெருமையாக அழுத கண்ணால் இப்போது வேறு விதமாக அழ வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை காற்று நின்றிருந்தது. எங்கள் சாலையில் ஒரு வண்டி இல்லை, ஒரு கொடியில் துணி இல்லை. நான் எழுந்து முகம் கழுவும்போதுதான் கவனித்தேன், என் மணிக்கட்டில் ஆரஞ்சுப் பட்டை. சனிக்கிழமைக் கவலையில் வெட்டவே மறந்துபோயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், எந்த வேலையும் ஆகாது; எங்கள் வீடுகளில் கத்தரிக்கோல் எடுக்க மாட்டோம். நகம்கூட வெட்டுவதில்லை. ஜூலை மாதத்தில் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு சபைக்குக் கிளம்பினேன்.

ஆலய வாசலில் மூப்பர் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பது வழக்கம். எனக்கு முன்னால் டோர்கிலும் எஃபியும் வரிசையில் போனார்கள். டோர்கில் முந்தைய இரவு தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. வலது கையைக் கோட்டுப் பைக்குள் திணித்திருந்தான். என்னைப் போலவே அவனும் வெட்ட மறந்திருக்கிறான்!

ஃபின்லே கையை நீட்டினார்.

மூப்பர் நீட்டிய கையை யாரால் மறுக்க முடியும்? டோர்கில் பைக்குள்ளிருந்து கையை எடுத்தான். கோட்டு மேலே ஏறியது, ஆரஞ்சுப் பட்டை பளிச்சென்று வெளியே வந்தது. ஃபின்லே அதைப் பார்த்தார். புருவம் ஏறியது.

ஆனால் டோர்கில் புருவத்தைப் பார்க்கவில்லை. அவன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். ஃபின்லேயின் கறுப்புக் கோட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. வெள்ளைச் சட்டையின் விளிம்புக்குக் கீழே, மூன்று நாள் மழையில் நனைந்து சாயம் போன ஒரு நீலப் பட்டை.

நீலம். வியாழக்கிழமையிலிருந்து.

இரண்டு பேரும் கையை விடவில்லை. எஃபி இருமினாள், அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"முதுகு எப்படி இருக்கு ஐயா?" என்றான் டோர்கில். அவன் வாழ்க்கையிலேயே கேட்ட துணிச்சலான கேள்வி அதுதான்.

"நின்னு நின்னு இப்ப நெஜமாவே வலிக்குது" என்றார் ஃபின்லே. குரல் ரொம்பத் தணிந்திருந்தது. "உக்கார இடமே போடல அந்தக் கூடாரத்துல, பாவிங்க." பிறகு டோர்கிலின் கோட்டுக் கையைத் தன் கையாலேயே இழுத்து, பட்டையை மூடிவிட்டார். "நாலாவது வரியை அவ்வளவு சீக்கிரம் எடுத்துட்டியேப்பா. நான் மூணாவதையே முடிக்கல. எந்த ஊர் மரியாதை அது? கோவத்துல கெளம்பிப் போயிட்டேன்."

"மன்னிச்சிருங்க ஐயா."

"இன்னைக்கு நிதானமா எடு. உள்ள போ."

என் முறை வந்தது. அவர் என் கம்பளிக் கையுறையைப் பார்த்தார். நான் அவர் சட்டை விளிம்பைப் பார்த்தேன். அவர் அதைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "குளிருதா டோலினா?" என்றார். "ஆமாங்கய்யா" என்றேன். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் நல்ல வார்த்தை.

உள்ளே டோர்கில் தடுப்புக்குள் எழுந்து நின்றான், கண்ணை மூடினான், எடுத்துக் கொடுத்தான். நாங்கள் வாங்கிப் பாடினோம். பாடி அடங்கினோம். ஃபின்லே மட்டும் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். டோர்கில் ஓர் அவசரமும் இல்லாமல், கோட்டுக் கையை இழுத்துப் பிடித்தபடி, அவர் முடிக்கும்வரை நின்றான்.