காற்றுக்கும் தண்ணீருக்கும் வழி கேட்பவர்

கிரகப்பிரவேச வீட்டில் கஜபதி ஊதுபத்தி கொளுத்தினால் சாமிக்கு என்று நினைத்துவிடக் கூடாது. அறை நடுவில் நின்று புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். போகாமல் அங்கேயே சுற்றினால் வீட்டுக்காரருக்கு அன்று கேசரி இறங்காது. "இன்னா சார், ஊடா இது? மூடி போட்ட டப்பா. வைகாசில உள்ள உக்காந்துகினு வெந்துடுவே."

திருமுல்லைவாயிலில் காலங்காலமாகப் பயிர் வைத்த குடும்பம். இவர் கட்டடப் படிப்பு முடித்து, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் டயர் கடை மாடியில் வீட்டுப் பிளான் போடுகிறார். சண்டை போடுகிறார் என்றாலும் தப்பில்லை. பாதிப் பேர் பிளான் வாங்காமலே படியிறங்கிவிடுவார்கள்.

அவருக்குக் குரு கரையான். "எச்சிலையும் மண்ணையும் வச்சி ஊடு கட்டுது. வெளிய அனல், உள்ள சில்லுனு கீது. எவன் ஏசி மாட்டினான் அதுக்கு?" இதைக் கேட்டுக்கொண்டே நம்மவர்கள் செய்த காரியம் என்ன தெரியுமா? தெருமுனைப் புற்று மழையில் கரையக் கூடாது என்று அதன்மேல் சிமெண்டு பூசி, மஞ்சள் பெயிண்ட் அடித்து, கிரில் கேட்டும் போட்டுப் பூட்டினார்கள். உள்ளே ஒரு கரையான் மிஞ்சவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பால் மட்டும் ஊற்றுகிறார்கள். எனக்கே வயிறு எரிகிறது, கஜபதிக்கு எரியாதா?

அவர் குடியிருப்பது ஏரிக்குக் கீழே. கோடையில் மனை பார்க்க வந்த, அதுவரை அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்கள், காய்ந்து கிடந்த வாய்க்காலை வெறும் பள்ளம் என்று எண்ணித் தூர்த்தார்கள். அப்புறம் ஆரம்பித்தது போட்டி. பக்கத்து வீட்டைவிட ஒரு படி உயரமாகக் கட்ட வேண்டும். அடுத்து வருகிறவர் அதைவிட ஒரு படி. கடைசியில், எல்லாருக்கும் முதலில் கட்டிய, கஜபதியின் பக்கத்து வீட்டு ஜமீலாவின் வீடு கிணறாகிப்போனது. கஜபதி போய்க் கேட்டால், "எங்க மனையில நாங்க மண்ணு கொட்டுறோம், உங்களுக்கு என்ன சார்?" பாவிகள்! அவள் கணவர் கால் முறிந்து கட்டிலோடு கிடப்பது தெரியாதா இவர்களுக்கு?

போன கார்த்திகை மழையில் அந்தக் கட்டிலைத் தண்ணீர் தொட்டுவிட்டது. ஜமீலா அலறினாள். தண்ணீர் வடிய மிச்சமிருந்த வழி, அவள் வீட்டுப் பக்கம் கஜபதி தன் மதிலடியில் விட்டுவைத்திருந்த ஓட்டைகள்தான். ஓடிப் போய்ப் பார்த்தால் எல்லாம் பூசி அடைத்திருந்தது. பாம்பு வருகிறது என்று அவர் இல்லாத நேரத்தில் மனைவி சுசீலாதான் கொத்தனாரை வைத்து அடைத்திருக்கிறாள்.

"ஊருக்கெல்லாம் கத்தினேனே, எங்கூட்லயே அடச்சிட்டாங்களே!" என்று கஜபதி கடப்பாரையைத் தூக்கினார்.

"தண்ணி நம்மூட்டுக்குள்ள பூந்துடுங்க!" சுசீலா கையைப் பிடித்தாள்.

"பூரட்டும். எனக்கு எழுந்து ஓட காலு கீது. அந்தாளுக்கு கீதா?"

மதில் உடைந்தது. செந்நிறத் தண்ணீர் திமுதிமுவென்று தோட்டத்தில் பாய்ந்து, கஜபதியின் வீட்டு வாசற்படியில் ஏறியது.

"தங்கச்சி, எறங்குதா?" என்று ஜமீலாவைக் கூவிக் கேட்டார்.

"எறங்குது அண்ணே! கட்டில் கால் தெரியுது. போதும் அண்ணே, சுவரை உட்டுடுங்க!"

கஜபதி விடவில்லை. கடைசிச் செங்கல்லும் பெயரும்வரை இடித்துக்கொண்டே இருந்தார்.