கயிறு கட்டிய வாஷிங் மெஷின்

காலை பத்தே கால், நாலு கயிறு, ஏகாம்பரம். என் டைரியில் அந்த வேலையை இப்படித்தான் எழுதியிருக்கிறேன். வாஷிங் மெஷின் ரிப்பேருக்குப் போகிறவன் முதலில் பார்ப்பது மெஷினின் கோளாறை அல்ல, வீட்டுக்காரர் அதற்குச் செய்து வைத்த வைத்தியத்தை. உங்கள் வீட்டிலும் ஒன்று தடதடத்திருந்தால் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

கட்டிப் போட்டது

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். ஏகாம்பரம் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அவர் மனைவி மல்லிகாவுக்குத் தோளில் ஆபரேஷன் ஆகி, இனி துணி பிழியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிறுசேரியில் வேலை பார்த்து, கேளம்பாக்கத்தில் குடியிருக்கும் மகள் சுகந்தி அம்மாவுக்காக இந்த மெஷினை வாங்கிக் கொடுத்தாள்.

துணியைப் பிழிந்து சுற்றும்போது மெஷின் ஒரு முழம் நகர்ந்ததாம். ஏகாம்பரம் படகுக் கயிறு கொண்டுவந்து, நாலு மூலையிலும் முடிச்சுப் போட்டு, ஜன்னல் கம்பிக்கும் தூணுக்குமாக இழுத்துக் கட்டிவிட்டார். கட்டிய இழுப்பில் மெஷினின் ஒரு கால் தரையைத் தொடவில்லை. சத்தம் தெருமுனை வரை கேட்டது. முடிச்சுகளை அவிழ்க்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. கால்களைத் திருகித் தரைக்குச் சமமாக்கி, கயிறு வேண்டாம் என்றேன். அவர் சமாதானமாகவில்லை.

"புயலுக்கே என் போட்டு அசையாது தம்பி. இது ஒரு பொட்டி, இதுக்கு இன்னா இவ்ளோ திமிரு?"

தட்டுக்கு அடியில்

பத்தே நாளில் மறுபடி போன். இப்போது நகரவில்லை, கடகடவென்று எதுவோ உருளுகிறது. துணியைச் சுழற்றும் அடித்தட்டைக் கழற்றினேன். ஒரு கைப்பிடி மணல், வலையில் கோக்கும் ஈயக்குண்டு மூன்று. ஏகாம்பரத்தின் டவுசர் பையிலிருந்து வந்தவை.

மல்லிகா குண்டுகளை வாங்கி ஜன்னலில் வரிசையாக வைத்தார். குரல் உயரவில்லை. "இன்னொருவாட்டி சத்தம் வந்துச்சுன்னா, சுகந்தி கேளம்பாக்கம் வூட்டுக்கே எடுத்துகினு போவட்டும். எனக்குத் துவைகல்லு போதும்."

ஏகாம்பரம் என்னோடு பைக் வரை வந்தார்.

"தோளு போயிடும் தம்பி. எப்பிடியாவது வாய மூட வை. மெஷினச் சொல்றேன்."

ஒரே ஒரு போர்வை

மூன்றாம் முறை போனபோது மெஷின் தொம்தொம்மென்று இடித்துக்கொண்டிருந்தது. தொட்டி தொங்கும் கம்பிகளைப் பார்த்தேன், ஸ்பிரிங்கைப் பார்த்தேன். பழுது எதுவும் இல்லை. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு போர்வை, ஈரத்தில் கனத்து ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது. சனிக்கிழமை வந்தால் சுகந்தி போர்த்திக்கொள்வது.

"மத்த துணியெல்லாம் எங்கக்கா?"

மல்லிகாவின் கண் பின்வாசலுக்குப் போனது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். துவைகல்லின் மேல் ஏகாம்பரத்தின் சட்டைகள், பிழிந்தும் பிழியாமலும். ஈயக்குண்டு அகப்பட்ட நாளிலிருந்து அவர் துணிக்கு மெஷினில் இடமில்லை. மல்லிகா வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். "பொண்ணு குடுத்தது. அதுல கவுச்சி ஏத்தலாமா?"

ஏகாம்பரத்துக்கும் அப்போதுதான் விஷயம் தெரிந்தது. சட்டைகளை அவரே அள்ளி வந்தார். ஒற்றைத் துணி ஒரு பக்கம் ஒதுங்கினால் மெஷின் இடிக்கத்தான் செய்யும், கவுச்சிக்கு இன்னொரு தடவை அலசினால் போதும் என்று சொல்லி, போர்வையைச் சுற்றிச் சட்டைகளைப் பரப்பி ஓடவிட்டேன். பிழியும் நேரம் வந்தது. மூன்று பேரும் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஃபேன் ஓடுவது கேட்டது. ஏகாம்பரம் மூடிமேல் உள்ளங்கையை வைத்தார்.

"என் சட்ட போனப்புறந்தான் அடங்கிச்சு, பாத்தியா?" என்றார்.

மல்லிகா அவரைப் பார்க்காமலே சொன்னார்: "இனிமே பையில இன்னா கீதுன்னு பாத்துக் கழட்டிப் போடு."

ஜூன் ஒன்பதாம் தேதி சுகந்தி போன் செய்தாள்: அம்மா துவைகல்லின் மேல் செடித்தொட்டி வைத்துவிட்டாராம், அப்பா ஃபிரிட்ஜைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டாராம்.