செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு கார்

திருக்கழுக்குன்றம் தாண்டி இரண்டு கிலோமீட்டர் வந்திருப்பார்கள். கார் குலுங்கி நின்றது. பானெட்டிலிருந்து புகை கிளம்பியது. ஓட்டிவந்த பிரிசில்லா அதைப் பார்க்காமல் பின்சீட்டில் சாய்ந்திருந்த கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இன்னா பண்ணுது?"

"தல சுத்துது," என்றார் ஜெபக்குமார். உதடு வெளுத்திருந்தது.

செங்கல்பட்டில் டயாலிசிஸ் முடிந்து திரும்பிய வெள்ளிக்கிழமை மத்தியானம் அது. செவ்வாயும் வெள்ளியும் போக வேண்டும். திரும்பும்போது சில நாள் அவருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். அவரைச் சீட்டிலேயே படுக்க வைத்து, காலுக்கு அடியில் தன் பையை அண்டக்கொடுத்துவிட்டு, சாலையில் நின்று வருகிற வண்டிகளுக்கெல்லாம் கை காட்டினாள். நாற்பது நிமிடம் கழித்துத்தான் ஒரு லோடு வேன் நின்றது. பூஞ்சேரியில் வீடு வந்து சேரும்வரை, ஊசி குத்தாத கையின் நாடியைப் பிடித்தபடியே வந்தாள்.

பதினெட்டு வருட வண்டி. மெக்கானிக் சடையப்பன் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "இன்ஜின் பூட்ச்சிக்கா. நான் செஞ்சி குட்த்தாலும், அவர வெச்சிகினு இதுல போவாத."

செவ்வாய்க்கு நான்கு நாள்தான் இருந்தது. ஆட்டோ குலுக்கல் அவருக்கு ஆகாது. போன மாதம் ஏறிப் பாதி வழியில் மயங்கிவிட்டார். வாரம் இரண்டு முறை வாடகைக் கார் கட்டுப்படியாகாது.

பிரிசில்லா மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். பதினோரு வருடமாக, வெடிப்பும் கீறலும் உள்ளதை ஒதுக்குவதே வேலை. சனிக்கிழமை, ஈசிஆர் சாலையில் புரோக்கர் பரணிதரன் காட்டிய வெள்ளைக் கார் பளபளவென்று இருந்தது.

"இதயே எடுத்துருவோம் பிரிசி," என்றார் ஜெபக்குமார், கதவைப் பிடித்துக்கொண்டு. அவரால் நிற்க முடியவில்லை.

அவள் உள்ளே உட்கார்ந்து சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தாள். கடைசி ஒரு சாணில் காய்ந்த சேறு.

"வெள்ளத்துல நின்ன வண்டியாண்ணா?"

"மழத்தண்ணி தெறிச்சிருக்கும்மா."

"பெல்ட்டுக்குள்ளயா தெறிக்கும்?"

பரணிதரன் சாவிக்குக் கை நீட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் ஜெபக்குமார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். "நானே எத்தினி நாளு ஓடுவேன்னு தெரில. நீ வருசக்கணக்கா ஓடற காரு பாத்துகினு கீற."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத் தனியாகப் போனாள். ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. செவ்வாய்க்குள் வண்டி அமையாவிட்டால், அதற்குத் தன் பிடிவாதம்தானே காரணம் என்று பயமாக இருந்தது.

திங்கள் காலையில் சடையப்பன் போன் செய்தார். "முட்டுக்காட்ல சம்பூர்ணம் டீச்சரு வண்டி ஒண்ணு விக்கறதுக்கு கீது. பத்து வருசமா நாந்தான் சர்வீஸு."

சாம்பல் நிறக் கார். பம்பர் நசுங்கியிருந்தது. "அது நான் கேட்ல இடிச்சது," என்றார் டீச்சர். "ஏசியும் மெதுவாத்தான் வரும். மொதல்லயே சொல்லிட்டேன்."

பிரிசில்லா பெல்ட்டை இழுத்தாள், கீழே விரித்திருந்த மிதியடியைத் தூக்கினாள், ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்துப் பார்த்தாள். சாலையில் ஓட்டிப்போய் பிரேக்கை அழுத்தினாள். நேராக நின்றது. ஆனாலும் ஒதுக்கிப் பழகியவளுக்கு ஒன்றைச் சரி என்று சொல்வது கஷ்டமாக இருந்தது. மூன்றாம் முறையும் பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"எடுத்துக்கறேன் டீச்சர்."

கையெழுத்து வேலைகளைச் சாயந்திரத்துக்குள் முடித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஜெபக்குமார் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். திருக்கழுக்குன்றம் வரை அவள் காது இன்ஜின் சத்தத்திலேயே இருந்தது.

"பஸ்ல சொன்னத மனசுல வெச்சிகாத," என்றார் அவர்.

"வெச்சிகினுதான் கீறேன். இன்னொரு வாட்டி சொல்லாதீங்க."

அவர் தலையாட்டினார். ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்கள். அவள் இறங்கி வந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்து கை கொடுத்தாள்.