இளவரசருக்கு இடம் கொடுக்காத சுகந்தி அக்கா

செவ்வாய்க்கிழமை காலை. சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் ரயில் நிலையம். சுகந்தி அக்காவின் தங்கை மாலாவிடமிருந்து ஒரு குரல் செய்தி.

"அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா, பிள்ளை. விடிய ஆறு மணிக்கு."

வேலைக்குப் போகும் ரயில் வந்தது. நான் ஏறவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கான இந்த நினைவு மலரில் ஒரு பக்கம் எழுதும்படி மாலா கேட்டார். வாசிக்கப்போகும் நீங்கள் அக்காவை அறிந்தவர்கள். முதியோர் இல்லச் சமையலறையில் அவரோடு வேலை செய்தவர்கள், அவரோடு பயின்றவர்கள், அவரோடு சண்டை பிடித்தவர்கள். அதனால் அவர் அமைதியானவர் என்று இங்கே எழுதமாட்டேன்.

ஏழு வருடங்களுக்கு முன், நகர விளையாட்டரங்கில் வெண்கொக்கு என்ற சீனத் தற்காப்புக் கலையின் தொடக்க வகுப்பு. அக்காவுக்கு நாற்பத்தாறு வயது, எனக்கு இருபது. உயரம் ஒத்துவந்ததால் சுவிஸ் ஆசிரியை எங்களைச் சோடியாக நிறுத்தினார். முன்கையோடு முன்கை மோதும் பயிற்சி. அக்கா வருடக்கணக்காகச் சூப் அண்டாக்களைத் தூக்கியவர். மூன்றாவது மோதலில் எனக்குக் கண் கலங்கியது.

"நொந்ததோ?"

"இல்லை."

"பொய் சொல்லாதை. நொந்தா நொந்தது எண்டு சொல்லு. அப்பதான் நானும் அளந்து அடிக்கலாம்."

இந்தக் கலை பிறந்த கதையை ஆசிரியை பிரெஞ்சில் சொன்னார். எனக்கு அது புரிந்திருந்தும், வீடு திரும்பும் பேருந்தில் அக்கா அதைத் தமிழில் இன்னொரு முறை சொன்னார்.

"தெற்குச் சீனாவிலை ஒரு பெட்டை. முத்தத்திலை நெல்லுக் காயுது. ஒரு கொக்கு வந்து தின்னுது. மூங்கில் தடியாலை அடிக்கிறாள், அது விலகுது. திரும்ப அடிக்கிறாள், செட்டையாலை தட்டிப்போட்டுத் தடியைக் கொத்துது. நான் எண்டா கல்லெடுத்து எறிஞ்சிருப்பன். அவள் தடியைப் போட்டிட்டுக் கொக்கைப் பாத்துக்கொண்டு நிண்டாள். தோத்த இடத்திலை நிண்டு படிச்சிருக்கிறாள்."

"உண்மையா நடந்ததோ, அக்கா?"

"கதைதான். ஆனா அவையின்ரை கதை. இரவல் வாங்கினதைக் கிழிக்காமல் வைச்சிருக்கோணும்."

இரண்டு வருடங்களின் பின், எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தில் ஞாயிறு காலைகளில் ஒன்பது பெண்களைச் சேர்த்துப் பயிற்சி தொடங்கினார். தன்னை ஆசிரியை என்று அழைக்க விடவில்லை. "நானும் பழகிறன், நீங்களும் பழகுங்கோ."

பிறகு சங்கத்தின் கலைவிழா. எங்களையும் மேடையேறச் சொன்னார்கள். நிகழ்ச்சி நிரலில் எங்கள் பெயர்களுக்கு மேல் ஒரு வரி: காஞ்சிபுரத்து இளவரசர் சீனருக்குக் கற்பித்த நம் தமிழர் கலை.

அந்தக் கதை உங்களுக்கும் தெரியும். இளவரசர் துறவியாகிச் சீனா போனார், மடத்தில் இருந்தவர்களுக்குச் சண்டை பழக்கினார். அவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் தியானம் இருக்கிறது. சண்டை இல்லை. அது பல நூற்றாண்டுகள் கழித்து வந்து ஒட்டியது. கொக்கை அடிக்கப்போன பெண்ணின் கதையிலோ அவர் எந்த மூலையிலும் இல்லை. பல்கலைக்கழக நூலகத்தில் வாசித்து இதையெல்லாம் அக்காவிடம் சொன்னவள் நான்தான்.

அக்கா ஒலிவாங்கியை வாங்கினார்.

"நிரலிலை ஒரு பிழை இருக்கு. இது எங்கடை கலை இல்லை, சீனரின்ரை. அவையின்ரை கதையிலை இதைத் தொடங்கினது ஒரு பொம்பிளை. நீங்கள் அவளை எழுப்பிப்போட்டு அந்த இடத்திலை ஒரு இளவரசரை இருத்தியிருக்கிறியள்."

"சீனத்திக்கு ஒரு தேத்தண்ணி குடுங்கோ!" பின்வரிசையில் ஒருவர் கத்தினார். மண்டபம் சிரித்தது.

முன்வரிசையில் சங்கத் தலைவர் எழுந்தார். "தங்கச்சி, எங்கடை பிள்ளையள் பெருமைப்படட்டும் எண்டுதானே போட்டது?"

"பெருமைப்பட எங்களிட்டை வேறை ஒண்டும் இல்லையோ, அண்ணை?"

தலைவர் என் பக்கம் திரும்பினார். "வரலாறு படிக்கிற பிள்ளை, நீர் சொல்லும். பிழையோ?"

பிழை என்று எனக்குத் தெரியும். மண்டபம் நிறைய ஆட்கள். நடுவில் அம்மா.

"ரெண்டு மாதிரியும் சொல்லுவினம்," என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கொக்கின் அடிகளை முதலிலிருந்து கடைசிவரை ஒன்றும் விடாமல் செய்துகாட்டினார். கைதட்டல் இல்லை. திரும்பும் பேருந்திலிருந்து இறங்கும்போது மட்டும் கேட்டார்.

"நொந்ததோ?"

"இல்லை."

"பொய்."

அடுத்த ஞாயிறு மண்டபத்துப் பூட்டு மாறியிருந்தது. மேடையில் சொன்னது தவறு என்று ஒரு வரி எழுதித் தந்தால் புதுப் பூட்டின் திறப்பைத் தருவதாகத் தலைவர் சொன்னார். "திறப்பை நீங்களே வைச்சிருங்கோ, அண்ணை," என்றார் அக்கா.

அதன்பின் பயிற்சி, நகரில் ஓடும் சாரின் ஆற்றின் கரையில், பாலத்தின் கீழ். ஒன்பது பேரில் நால்வர் வந்தார்கள். கம்பளித் தொப்பி, கையுறை, கொக்கின் நடை. நாயோடு போன ஒருவர் நின்று, இது இந்தியக் கலையா என்று பிரெஞ்சில் கேட்டார். "சீனம்!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம். நாய் குரைத்தது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடந்த குளிர்காலம், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய வாரங்களிலும் வந்தார். மடக்குக் கதிரையில் போர்வையோடு இருந்து, "முழங்கை! முழங்கை!" என்று அதட்டினார்.

நேற்று, சங்கம் அச்சிடும் இந்த மலரின் மெய்ப்பு வந்தது. அக்காவின் படத்துக்குக் கீழே: தமிழர் உலகுக்கு அளித்த கலையை மீட்டெடுத்த வீராங்கனை.

தலைவரை அழைத்தேன். அவருடைய குரல் கரகரத்திருந்தது. அவரும் அழுதிருக்கிறார்.

"செத்த பிள்ளைக்குப் பெருமைதானே. விடும்."

"அண்டைக்கு மேடையிலை என்னட்டைக் கேட்டனீங்கள், அண்ணை. இண்டைக்குச் சொல்லுறன். பிழை. அண்டைக்கும் பிழை, இண்டைக்கும் பிழை. அந்த வரி இருந்தா என்ரை பக்கம் வேண்டாம்."

என்னருகே இருந்த மாலா தொலைபேசியைப் பறித்தார். "அந்த வரி இருந்தா மலரே வேண்டாம்."

"அப்ப என்ன போடுறது எண்டு நீங்களே சொல்லுங்கோ," என்றார் தலைவர்.

படத்தின் கீழ் இப்போது இருப்பதைப் பாருங்கள். சுகந்தி. சமையலாளர். வெண்கொக்கு பழகியவர். அவ்வளவுதான். அதில் ஒரு சொல்லும் இரவல் இல்லை.

அக்கா பயிற்சிக்கு எடுத்து வரும் மூங்கில் தடி இப்போது என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலை பாலத்தின் கீழ் அதை எடுத்து வருவேன். முன்கையின் கன்றல்கள் மறைந்து பல காலமாகிறது. மறையாதது அவருடைய கேள்வி. அதை வைத்துக்கொள்கிறேன். பதிலையும் இனி ஒளிக்கமாட்டேன்.

ஓம், அக்கா. நொந்தது.