தொண்ணூற்றாறு சதவீதம் சரி

கணினித் திரையில் காட்டோரத்தில் விழுந்த புள்ளியை என் அலுவலக சகா மவுஸால் பிடித்து இழுத்து, நடுக்காட்டில் கொண்டுபோய் விடுகிறார். "ஓரத்துல இருந்தா எப்பவும் தகராறுதான் சார். உள்ள தள்ளிட்டா நிம்மதி" என்று அடுத்த மேசைக்காரனான எனக்கும் புத்தி சொல்கிறார்.

அவருக்குச் சரிபார்க்கும் வேலை. இரண்டு வருடத்துச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, எங்கே காடு அழிந்தது, எங்கே கட்டடம் முளைத்தது என்று கணினி ஒரு வரைபடம் போடும். அது உளறுகிறதா என்று பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு தூவியது போல் புள்ளிகள் வரும். ஒவ்வொன்றையும் தெளிவான படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். புள்ளியை நகர்த்தக் கூடாது என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. மரம் வெட்டுகிறவன் ஓரத்திலிருந்துதானே வெட்டிக்கொண்டு வருவான்? நடுக்காட்டில் நின்றுகொண்டு காடு இருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் எதற்கு, சம்பளம் எதற்கு?

எந்த வரைபடத்தைக் கொடுத்தாலும் தொண்ணூற்றாறு சதவீதம் சரி என்று எழுதுவார். அலுவலகத்தில் அவர் பெயரே 'தொண்ணூத்தாறு'தான். அதைப் பாராட்டு என்று நினைத்துப் பூரித்துப் போகிறார். "நூறு போட்டா சந்தேகம் வரும்" என்பது அவருடைய சூட்சுமம். மேலதிகாரிக்கு இவர்மேல் கொள்ளைப் பிரியம். மூக்குக்கண்ணாடியை மட்டும் மணிக்கொரு தரம் துடைத்துக்கொள்வார், எதைப் பார்ப்பதற்கோ தெரியவில்லை.

நேற்று அவருடைய அக்கா போன் செய்தார். வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவில் மரத்தையெல்லாம் வெட்டிவிட்டார்களாம். போன மழைக்கே சேறு பின்கதவு வரை வந்துவிட்டதாம். தெருவே திரண்டுபோய் முறையிட்டதற்கு, வரைபடத்தில் காடு அப்படியே இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதைச் சரிபார்த்த புண்ணியவான் யார் என்று பாவம், அந்த அம்மாளுக்குத் தெரியாது.

இந்த வருட வரைபடத்திலும் அந்தச் சரிவு பச்சைதான். நல்லவேளையாக அதன்மேல் ஒரு புள்ளி விழுந்திருந்தது. போனை வைக்காமலே தெளிவான படத்தைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மொட்டையடித்தது போல் வெறும் மண். வரைபடம் தப்பு என்று அவர் ஒரு வார்த்தை எழுதினால் போதும், ஆள் அனுப்பி நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

"பெட்டியக் கட்டிக்கிட்டு இன்னிக்கே நம்ம வீட்டுக்கு வந்துடுக்கா" என்றார். பாசத்தில் குறை சொல்ல முடியாது.

"அப்ப மத்த வீட்டுக்காரங்க?" என்று அக்கா கேட்டது என் காதிலும் விழுந்தது.

அவர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். இரண்டு கைகளும் விடுபட்டதும், அந்தப் புள்ளிக்கு நேரே 'காடு' என்று தட்டினார்.