முதலாளி விற்ற ரிசீவர்

அக்காவின் கையைக் கிழித்தது என் விமானம்தான். ஆனால் அந்த நேரத்தில் அது என் பேச்சைக் கேட்கவில்லை.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞான ஆசிரியர். ரெஜிபோம் என்ற இலேசான நுரை அட்டையை வெட்டி ஒட்டி, மோட்டார் வைத்து, ரிமோட்டில் பறக்கும் சின்ன விமானங்களைச் செய்வது எனக்குப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து மைதானத்தில் பறக்கவிடுவோம். ஹட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் சிலர் வருவார்கள். அவர்களுக்கு நடுவில் ராஜா மாதிரி நிற்பவர் ஹட்டன் பஜாரில் கடை வைத்திருந்தவர். மோட்டார், பேட்டரி எல்லாம் அவரிடம்தான் வாங்குவோம். எங்கள் எல்லோருக்கும் அவர் முதலாளி.

விமானத்தின் வயிற்றுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு ரிசீவர் இருக்கும். ரிமோட் சொல்வதைக் கேட்டு மோட்டாரையும் இறக்கையையும் நடத்துவது அதுதான். சிக்னல் அறுந்தால் நல்ல ரிசீவர் மோட்டாரை நிறுத்திவிடும். போலி ரிசீவரை அப்படி நம்ப முடியாது. கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டு, பேட்டரி தீரும்வரை ஓடினாலும் ஓடும்.

இதெல்லாம் தெரிந்துதான் அவரிடம் கேட்டேன். “ஒரிஜினல்தானே முதலாளி?”

“என்ன சேர் இப்பிடிக் கேக்குறீங்க? என் பிளேன்லயே இதத்தான் போட்டிருக்கேன்” என்றார்.

பூட்டினேன். தரையில் வைத்து, மைதானத்தின் கோடிவரை நடந்து சோதித்தேன். குறையில்லாமல் வேலை செய்தது. அடுத்த ஞாயிறு பறக்கவிட்டபோது மைதானத்துக்கு மேலேயே ஒழுங்காக இரண்டு சுற்று வந்தது. மூன்றாவதில் திருப்பினேன், திரும்பவில்லை. மோட்டாரை நிறுத்தினேன், நிற்கவில்லை. முழு வேகத்தில் மைதானத்தைத் தாண்டிக் கீழே தேயிலை மலைக்குள் இறங்கியது. அன்று ஞாயிறு என்பதால் மலையில் ஆளில்லை என்று நினைத்திருந்தேன். கொழுந்து அதிகமாகி, அன்றன்றே கூலி தரும் கைக்காசு வேலைக்குக் கொஞ்சம் பெண்களை இறக்கியிருந்தது எனக்குத் தெரியாது. அவர்களில் என் அக்காவும் இருந்தாள்.

சத்தம் கேட்டு அவள் முகத்தை மறைக்கக் கையை உயர்த்தியிருக்கிறாள். மோட்டாரில் சுழன்ற காற்றாடி வலது மணிக்கட்டுக்கு மேலே வெட்டிவிட்டது. நான் ஓடிப்போனபோது கொழுந்துப் பையின் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். “ஒனக்கு ஒண்ணுமில்லையே தம்பி?” என்று என்னைக் கேட்டாள்.

தையல் போட்டார்கள். காயம் ஆறியது. இரண்டு விரல்கள் மட்டும் மடங்கவில்லை. கொழுந்து பறிப்பவளுக்கு விரல் போனால் என்ன மிச்சம்?

ரிசீவரைத் திறந்து பார்த்தேன். நுவரெலியா நண்பன் ஒருவனிடம் இருந்த அசலையும் திறந்து பக்கத்தில் வைத்தோம். மேலே ஒட்டியிருந்த தாள் ஒன்றுதான் இரண்டுக்கும் ஒரே மாதிரி. உள்ளே கண்டபடி ஈயம் வைத்துப் பற்றவைத்த மலிவுச் சரக்கு. படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதலாளியின் பதில் குரலாகவே வந்தது.

“ரிசீவர்ல ஒரு குத்தமும் இல்லீங்க. சேருக்குப் பாடம் நடத்தத் தெரியும், பிளேன் ஓட்டத் தெரியாது. கண்ண தொறந்து வச்சிக்கிட்டு நிக்கிற பொம்பளைங்களும் கொஞ்சம் ஒதுங்கியிருக்கலாம்ல?”

ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. கீழே யாரோ சிரிக்கும் முகம் போட்டிருந்தார்கள். அந்தக் குரலை எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது. வகுப்பில் நிற்கும்போதும் அது காதுக்குள் ஓடும்.

“விடு தம்பி” என்றாள் அக்கா. நான் விடவில்லை. அவர் விற்றதை அவர் தலையிலேயே இறக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஏப்ரல் விடுமுறையில் மைதானத்துக்குக் கூட்டம் வரும். அதற்கு முன்தினம் முதலாளியின் கடைக்குப் போய், சிரித்துப் பேசி, அதே ரிசீவர் இன்னொன்று வாங்கினேன். அவரும் பெருமையாகச் சிரித்தார். மறுநாள் அதிகாலையில், கீழ்மலையில் யாரும் வேலை செய்யவில்லை என்பதை நானே நடந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

முதலாளி தன் பெரிய மஞ்சள் விமானத்தைக் கொண்டுவந்திருந்தார். மாதக்கணக்கில் உழைத்துச் செய்தது. எல்லோரும் அதைச் சுற்றி நின்றபோது, பிரிக்காத பெட்டியை நீட்டினேன்.

“நேத்து உங்க கடையில வாங்கினது முதலாளி. எனக்குத்தான் ஓட்டத் தெரியல. இதப் போட்டு நீங்க ஒரு சுத்து காட்டுங்களேன்.”

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காற்று அதிகம் என்றார், பேட்டரி சரியில்லை என்றார். “உங்க சாமான்தானே, போடுங்க” என்று பக்கத்தில் நின்றவர்கள் சொல்லச் சொல்ல, வேறு வழியில்லாமல் மாட்டினார்.

விமானம் அழகாகப் பறந்தது. ஒரு சுற்று, இரண்டு, ஐந்து. கூட்டம் கைதட்டியது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். போலியின் குணம் அதுதான். நாம் கெட வேண்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் கெடாது. அதோடு இறக்கியிருந்தால் நான்தான் முட்டாள். ஆனால் கைதட்டல் அவருக்கு ஏறிவிட்டது. எதிர்மலை வரைக்கும் விட்டார். அங்கே போனதும் ரிமோட்டின் பிடிகளை மாறி மாறித் தள்ளத் தொடங்கினார்.

“கேக்க மாட்டேங்குது! சிக்னல் போயிருச்சு!” என்று கத்தினார்.

ரிசீவரில் குற்றமில்லை என்ற அந்த வாயாலேயே. விமானம் மோட்டார் அலற டர்பன்டைன் மரங்களுக்குள் போய் உடைந்தது. எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

“இப்ப எங்க அக்காகிட்ட வந்து சொல்லுங்க” என்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு என் பின்னால் எங்கள் லயத்து வீட்டுக்கு நடந்தார்.

அவர் திட்டு வாங்க வேண்டும், கூனிக் குறுக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அக்காவோ நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் தட்டுத் தடுமாறி, “தப்பு நம்ம சாமான்லதாங்க” என்றார். “ஒங்க பிளேனும் ஒடஞ்சிருச்சாமே, பாவம்” என்றாள் அவள். எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

பிறகு தேத்தண்ணீர் கொண்டுவந்து இடது கையால் நீட்டினாள்.

“தப்பா நெனைக்காதீங்க. சோத்துக் கையில புடிச்சா நழுவிருதுங்க.”

அவர் கிளாஸை வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தார். நான் கதவில் சாய்ந்து, ஒரு கணமும் விடாமல் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.