ஆற்றில் என் காதில் விழாத வார்த்தை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே பெரிய 'ற' போடுவது, எங்கே சின்ன 'ர' போடுவது என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். டயரில் சாக்பீஸால் லாரி நம்பர் எழுதுவதோடு என் எழுத்து வேலை முடிந்துவிடும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் இதைக் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. "நீங்க எப்படி இங்க வந்து சேர்ந்தீங்கன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. புதுசா வர்றவங்க படிக்கட்டும்" என்றார். நான் மழை என்றேன், வேலை அதிகம் என்றேன், பேனா சரியில்லை என்றுகூட ஒருமுறை சொன்னேன். எழுதாமல் இல்லை. நாலைந்து தடவை உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து நின்றுபோய், தாளைக் கிழித்துப் போட்டேன்.

தொப்பூர் கணவாய்ச் சாலையோரம் லாரி டயர்களுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறேன். நான் சிறுவனாக இருக்கும்போதே என் அம்மா பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். நானும் அங்கேயே வளர்ந்தேன். பெண் எடுத்ததும் அந்தச் சபையில்தான். என் வீட்டுக்காரியின் அண்ணன்தான் சபைக்குப் பாஸ்டர். சபையில் அவரைப் பாஸ்டர் என்பேன். வீட்டில் மச்சான்.

சபையில் எனக்கு யார்மேலும் குறை கிடையாது. சாட்சி நேரம் ஒன்றுதான் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் மைக் கைமாறும். அந்த வாரம் கர்த்தர் தனக்குச் செய்ததை ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். மைக் என் வரிசைக்கு இரண்டு ஆள் தள்ளி வரும்போதே நான் வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். அதனால் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சாட்சி ஆரம்பித்தால் டீசல் பார்க்க வெளியே போய்விடுவேன். கரண்ட் போகாத நாளிலும் போய்விடுவேன். ஓடாத ஜெனரேட்டர் பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறேன்.

ஜெபமும் அப்படித்தான். எல்லோரும் அவரவர் வார்த்தையில் சத்தமாக ஜெபிப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் கண்ணீரோடு கடகடவென்று கொட்டுவார். எனக்கு 'ஸ்தோத்திரம்' என்பதற்கு மேல் ஒன்றும் வராது. உதட்டை மட்டும் அசைப்பேன். மனிதர்களை ஏமாற்றிவிடலாம், மேலே இருப்பவருமா ஏமாறுவார் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசு அரித்துக்கொண்டே இருக்கும்.

அப்படி இருக்கும்போது கத்தோலிக்கர்களின் ஆர்சி கோயில் வேனுக்கு ஒரு நாள் டயர் பஞ்சர். சக்கரத்தை ஒட்டி முடித்து, காலையில் ஆறு மணிக்குக் கோயிலுக்கே கொண்டுபோய் மாட்டினேன். உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. வேன் சாவியைச் சாமியார் கையில் கொடுக்க வேண்டும் என்பதால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கையெல்லாம் கிரீஸ். பத்துப் பேர்கூட இல்லை. எல்லோரும் ஒரே வார்த்தையை ஒன்றாகச் சொன்னார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகச் சும்மா இருந்தார்கள். 'பிரதர், நீங்க ரட்சிக்கப்பட்டவரா?' என்று யாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அடுத்த வாரம் ஒட்டுவதற்கு எந்தச் சக்கரமும் இல்லாமலே போனேன்.

அதன் பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் காலையில் அங்கே கடைசி பெஞ்ச். ஞாயிற்றுக்கிழமை இங்கே ஜெனரேட்டர். இரண்டு இடத்திலும் திருடன் மாதிரிதான் இருந்தேன். சின்ன ஜெபப் புத்தகம் ஒன்று வாங்கி, டியூப் ஒட்டும் பசை டப்பாவுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் நேரத்தில் ஒவ்வொரு வரியாக மனப்பாடம் செய்தேன். யாரோ எழுதிவைத்த வார்த்தைதான். என் வாயில் வந்தபோது அது என்னுடையது மாதிரி இருந்தது.

சபையில் ஒரு அக்கா என் வண்டியைக் கோயில் வாசலில் பார்த்துவிட்டு வீட்டில் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே வீட்டுக்காரி கேட்டாள்.

"காலையில லாரிக்குக் காத்து அடிக்கப் போறேன்னு போனீங்களே, மாதா கோயிலுக்கா காத்து அடிச்சீங்க?"

நான் தட்டைப் பார்த்தேன்.

"எத்தினி நாளா நடக்குது?"

"ஒரு வருசமா."

"ஒரு வருசமா! வாயத் தொறந்து என்கிட்ட ஒரு வார்த்த சொல்ல முடியாதா? நான் என்ன ஊரா?"

அவள் அழவில்லை. குழம்புச் சட்டியைக் கொஞ்சம் வேகமாக வைத்தாள், அவ்வளவுதான். அது எனக்கு அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது.

எப்படியோ தெரிந்துவிட்டது, இனி மறைக்க முடியாது என்று சாமியாரிடம் போய், முறையாகச் சேர்ந்துகொள்கிறேன் என்றேன். அவர் சந்தோஷப்பட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"ஞானஸ்நானம் வாங்கியிருக்கீங்கள்ல? அப்ப என்ன சொல்லிக் குடுத்தாங்க? பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு மூணு பேரும் சொன்னாங்களா, இல்ல இயேசு நாமத்துல மட்டுமா?"

மூன்று பெயரும் சொல்லித் தண்ணீரில் முழுக்கியிருந்தால் அது செல்லும், மறுபடி கொடுக்க மாட்டோம் என்றார். இயேசு நாமத்தில் மட்டும் என்றால் முதலிலிருந்து கொடுக்க வேண்டும். கொடுத்த பாஸ்டரிடம் ஒரு லெட்டர் வாங்கி வரச் சொன்னார். அது முடியாவிட்டால், பக்கத்தில் நின்று கேட்டவர் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் போதும் என்றார்.

எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒகேனக்கல்லில், அருவிக்கு மேலே ஆழமில்லாத ஓர் இடத்தில்தான் கொடுத்தார்கள். முதலில் எனக்கு, அடுத்து அவளுக்கு. முந்தின நாளிலிருந்து உபவாசம். கரையில் மீன் வறுக்கும் வாசம் வந்தது. புது வேட்டி தண்ணீரில் அவிழ்ந்துவிடுமோ என்று இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆற்று இரைச்சல். மச்சான் என் தலையில் கைவைத்து ஏதோ சொன்னார், அமுக்கினார், தூக்கினார். மீன் வாசமும் வேட்டியும் ஞாபகம் இருக்கிறது. வார்த்தை இல்லை.

பக்கத்தில் நின்றவள் யார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் தன் முறைக்காகக் காத்து நின்றவள் அவள்தான். ஆனால் சாமியார் சொன்னதை வீட்டில் சொன்னதுமே அவள் முகம் மாறிவிட்டது.

"உங்களுக்குக் குடுத்த அதே கையிதான் எனக்கும் குடுத்துச்சு. உங்களுது செல்லாதுன்னா என்னோடதும் செல்லாதா? அந்த ஆத்துல நான் சும்மா குளிச்சிட்டு வந்தேனா?"

அதற்கு மேல் அவளிடம் எதையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளுடைய ஞானஸ்நானத்தைப் பொய் என்று சொல்லிவிட்டு நான் எங்கே போய் எந்த ஜெபத்தைச் சொல்வது? மூன்று பெயரும் சொல்லியிருக்க வேண்டும். எனக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காக. இது ஒன்றே இரவும் பகலும் மண்டைக்குள் ஓடியது. ஒரு லாரிக்கு நல்ல டயரைக் கழற்றிவிட்டுப் பஞ்சரான டயரை விட்டுவிட்டேன். டிரைவர் சிரித்தே விட்டார்.

கடைசியில் மச்சான் வீட்டுக்குப் போனேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"மாப்ள, சிலைக்கு மால போடப் போறீங்க. சரி. அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. லெட்டர் வேணும், அவ்வளவுதான?"

"ஆமாங்க மச்சான்."

"தரேன். ஆனா சொல்லாம கொள்ளாம நழுவக் கூடாது. ஞாயித்துக்கிழம சபையில எந்திரிச்சு, ஏன் போறீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. இத்தினி வருசத்துல ஒரு சாட்சி சொல்லியிருக்கீங்களா? இதையாவது சொல்லுங்க."



ஞாயிற்றுக்கிழமை மைக் என் கைக்கு வந்தது. வந்ததும் கீச்சென்று கத்தியது. பழக்க தோஷத்தில் சவுண்டைக் குறைக்கக் கிளம்பினேன். மச்சான், "மாப்ள, அத வேற ஆள் பாத்துக்குவாங்க" என்றார். நின்றேன். பிறகு இப்படித்தான் சொன்னேன்.

"எனக்குப் பேச வராதுங்க. சாட்சி நேரத்துல நான் ஜெனரேட்டர்கிட்ட நின்னது டீசல் பாக்க இல்லீங்க. பயந்துக்கிட்டுதான். ஜெபம் பண்ணும்போதும் உதட்டத்தான் அசைச்சேன். அங்க எல்லாரும் ஒண்ணா சொல்றாங்க. அதை என்னால சொல்ல முடியுது. உங்க மேல எனக்குக் குறை இல்லீங்க. அவ்வளவுதான்."

யாரோ ஒருவர் சிரித்தார். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, "கரண்ட் இருக்கும்போதும் நீ அங்க நிக்கிறது எங்களுக்குத் தெரியாதாப்பா? பாவம்னு விட்டுட்டோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

கூட்டம் முடிந்ததும் மச்சான் என்னையும் வீட்டுக்காரியையும் பின்பக்க அறைக்குக் கூப்பிட்டார். தாளும் பேனாவும் எடுத்து வைத்தார். எழுதவில்லை.

"மாப்ள, எனக்கு ஞாபகம் இல்ல. அப்ப நான் புதுசு. மூணு பேரும் சொல்லித்தான் குடுத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு ஊழியக்காரர் வந்து இயேசு நாமத்துலதான் குடுக்கணும்னாரு. கொஞ்ச நாள் அப்படியும் குடுத்தேன். மறுபடி மாத்திக்கிட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் எப்படிக் குடுத்தேன்னு ஒரு வாரமா ரோசன பண்றேன். தெரியல. தெரியாதத எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் எந்தப் பக்கம் எழுதியிருந்தாலும் நான் நம்பியிருப்பேன். எழுதவில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த மரியாதை அதற்கு முன் வந்ததில்லை.

வண்டியில் வீட்டுக்குத் திரும்பினோம். கணவாய் இறக்கத்தில் லாரிகள் முனகிக்கொண்டு வரிசையாகப் போயின. பின்னால் இருந்து அவள் என் தோளைத் தட்டினாள். ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன்.

"மூணு பேருந்தான் சொன்னாரு" என்றாள்.

"என்ன?"

"எங்கண்ணன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு. உங்களுக்கும் சொன்னாரு, எனக்கும் சொன்னாரு. பக்கத்துல நின்னேன், கேட்டுச்சு."

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"நீங்க என்னைக் கேக்கவே இல்லையே. ஊரெல்லாம் போயி லெட்டர் கேட்டீங்க."

அந்த வாரமே என்னோடு வந்து சாமியார் முன்னால் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எட்டாவது வரை படித்தவள், எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். வெளியே வந்து, "என்னை மட்டும் இங்க கூப்புடாதீங்க" என்றாள். இதுவரை கூப்பிடவில்லை.

மறுபடி தண்ணீர் இல்லாமலே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், செய்த பாவத்தையெல்லாம் சாமியாரிடம் வாயால் சொல்ல வேண்டும் என்றார்கள். எனக்கும் சாமியாருக்கும் நடுவில் தடுப்புகூட இல்லை, எதிரெதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. வாய் திறக்க வேண்டாம் என்றுதானே இங்கே வந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்லா வேணும்" என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பூசைக்குப் போகிறேன். வந்து அவளைச் சபையில் விடுகிறேன். கூட்டம் முடியும் வரை வெளியே ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்கிறேன். அந்த வேலையை மச்சான் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

நான் எழுதும்போதெல்லாம் நின்றுபோகிற இடம் இனிமேல்தான்.

போன வருடம் சொந்தக்காரர்களோடு ஒகேனக்கல் போனோம். அதே இடம் என்றுதான் நினைக்கிறேன். நான் முழங்கால் தண்ணீரில் நின்றேன். அவள் நாலு எட்டு தள்ளி நின்றாள். துண்டைக் கொடு என்று சாதாரணமாகச் சொன்னேன். "என்னா?" என்றாள். மறுபடி சொன்னேன். மறுபடியும் "என்னா?" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பிறகு கரையேறி மீன் வாங்கப் போய்விட்டாள்.

நாங்கள் போன அன்று ஆற்றில் தண்ணீர் அதிகம், இரைச்சலும் அதிகம். ஞானஸ்நானத்தன்று அவள் இன்னும் பக்கத்தில் நின்றிருக்கலாம். இதைச் சாமியாரிடம் சொன்னேன். "அவங்க நாணயமானவங்க. காதால கேட்டேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அது போதும்" என்றார். அவருக்குப் போதும். அவள் கேட்டதைச் சொன்னாளா, எனக்கு வேண்டியதைச் சொன்னாளா என்பது எனக்குத் தெரியவில்லை. பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது சில நாள் இது ஞாபகத்துக்கு வரும். காலை எடுத்து வைக்கத் தயங்குவேன். பின்னால் நிற்பவர் மெல்லத் தள்ளுவார்.

இதுவரை எழுதியதை இன்று அவளிடமே கொடுத்தேன். அவளுக்குத் தெரியாமல் இதைச் சாமியாரிடம் கொடுக்க எனக்கு மனசு இல்லை.

"ஒரு பக்கம் கேட்டாரு, இத்தினி பக்கம் எழுதி வெச்சிருக்கீங்க. பேச வராதவராம்" என்றாள். பேனாவை வாங்கி என் ர-வையும் ற-வையும் திருத்திக்கொண்டே வந்தாள். ஒகேனக்கல் வந்ததும் பேனா நின்றது. அந்த இடத்தை இரண்டு முறை படித்தாள்.

"ரெண்டு தடவ இல்ல. ஒரு தடவதான் 'என்னா'ன்னேன்" என்றாள்.

"மாத்தட்டுமா?"

அந்த வரியில் இருந்த ஒரு ற-வைத் திருத்தினாள்.

"இருக்கட்டும். அப்படியே குடுங்க" என்றாள். பிறகு கடைசி வரை திருத்தி, தேதி போடவில்லையே என்று பேனாவை என்னிடம் நீட்டினாள்.

2026 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி.